மூழ்கிய நகை

மன்னார்குடி அடகுக் கடைத் தராசில்
ஒரு வெள்ளிக் காப்பு, நூற்றுப் பதினான்கு கிராம்.
நடுவில் புறா முட்டை அளவுக்குக் கல்.
நீலமாகத்தான் பிறந்திருக்கும்.
யார் யார் கை எண்ணெயோ குடித்து
ஓரத்தில் நாற்றங்கால் பச்சை ஏறிக் கிடக்கிறது.

"நவஹோ ஆளுங்க செஞ்சது" என்றாள் அருள்சீலி,
அமெரிக்காவில் ஆறு வருஷம் நர்ஸ்.
"வெள்ளிக்காசை உருக்கி அடிச்சது.
அங்கேயும் அடகுக் கடையிலதான் கிடந்துச்சு.
சடங்குன்னா மீட்டுப் போட்டுக்குவாங்க,
மறுபடி கொண்டாந்து வெச்சிருவாங்க."

சிரித்துவிட்டேன்.
பந்தி இலை எடுக்குமுன்
கொலுசோடு படியேறும் கோட்டூர்க்காரர்களை
எனக்குத் தெரியாதா?

"கல்லு?"
"வானம்னு சொல்வாங்க. மழையும் அதுலதான்."

உரைத்துப் பார்த்தேன். வெள்ளி சுத்தம்.
கல் எடை கழிவு: குத்துமதிப்பாக ஒன்பது கிராம்.
வானத்துக்கு எங்கள் ரசீதில் கட்டம் கிடையாது.

மீட்காமல் விட்டால்
அந்த ஊரில் என்ன சொல்வார்கள்?
"செத்த அடகு."
நாங்கள் மூழ்கிப்போச்சு என்போம்,
தண்ணீர் பார்த்த வாய்.

பணம் அவள் அண்ணனின் விதைநெல்லுக்கும் டீசலுக்கும்.
மேட்டூர் திறக்கவில்லை இன்னும்.
பாமணி ஆற்றுக்குள் ஆடு மேய்கிறது.

சீட்டுக் கட்டத் திருப்பினால்
உள்வளைவில் பழைய நூல் முடிச்சு,
கிழிந்த அட்டைத் துணுக்கு,
பாதி அழிந்த பென்சில் எண்.

கத்தரி கையில்தான் இருந்தது.
அதன் பக்கத்திலேயே
என் சீட்டையும் கட்டினேன்.