கடித மூலையில் இரண்டு எழுத்து

பகாவ் பேருந்து நிலையத்துக்கு எதிரே
உரக்கடை மாடியில் எங்கள் அலுவலகம்.
படியேறும்போதே சட்டையில் யூரியா வாசம் ஏறிவிடும்.
மிஸ்டர் லியோங்கிடம் ஒன்பது மாதம் சேம்பரிங்.

முதல் மாதம் சட்டம் என்ற சொல்லே காதில் விழவில்லை.
நில அலுவலகத்தில் எண் தாள் எடுத்து உட்கார்ந்திருந்தேன்.
பதினான்கு ஏ பாரத்தில்
ஐசி எண்ணின் ஒரு கோடு விட்டுப்போனதற்காக
மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள்.
பிறகு கடிதங்கள்.
கடன் பாக்கி, வாடகை பாக்கி, விபத்து நஷ்டஈடு,
தோட்டக் கம்பெனிக்காக வீடு காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ்.
பழைய கடிதத்தைத் திறந்து
பெயரையும் வீட்டு எண்ணையும் மாற்றுவேன்.
வலது மூலையில் ருஜுக்கான் காமி,
அதன் கடைசியில், தயாரித்தவர் அடையாளமாக,
சின்ன எழுத்தில் ஒய்.வி.
யோகவள்ளி. அச்சில் என்னைப் பார்க்க
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நான்காம் மாதம் ஷார்ட் கால்.
இனி கீழ்க் கோர்ட்டில் வாய் திறக்கலாம்.
செம்பனைக் குலை இருபத்தொன்று திருடிய பையனுக்காக
தண்டனை குறைக்கக் கேட்டு எழுந்து நின்றேன்.
மனைவி நிறைமாதம், யுவர் ஹானர், என்றேன்.
கூண்டிலிருந்து ஒரு கிசுகிசு:
“அக்கா, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை.”
பக்கத்துக் கேஸின் ஃபைலை விரித்திருந்தேன்.

ஜெலெபு சிறைக்கு
ஹக்கிமியின் பழைய கஞ்சில் காரில் போனோம்.
அவன் வேறு அலுவலகம், என்னைப்போல அவனும் சேம்பரிங்.
கைரேகை மை காயுமுன் பாரத்தைப் புரட்டாதே என்று
சிறைக் காவலர்தான் சொல்லிக்கொடுத்தார்.

அப்புறம் இலவசச் சட்ட உதவி நாட்கள்.
சமூக மண்டபத்தில் பூப்பந்துக் கோட்டின் மேல்
இரண்டு பிளாஸ்டிக் மேசை.
மூன்றாவது ஆளாக வந்தவர்
உரச் சாக்கைத் தைத்த பையிலிருந்து
நாலாக மடித்த கடிதத்தை எடுத்தார்.
பெயர் வேலாண்டி. முப்பத்தொரு வருஷம் மருந்தடிப்பு வேலை.
பிரிக்கும் முன்பே எனக்குத் தாள் தெரிந்துவிட்டது.

“இந்த மூலையில என்னமோ போட்டிருக்கே,
அது என்னம்மா? கேஸ் நம்பரா?”

நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.
“ஐயா, இதை நான் பார்க்கக் கூடாது.”
“ஏன், காசு கட்டணுமா?”

இல்லை என்று சொல்ல முடிந்தது.
ஏன் என்று சொல்ல வாய் வரவில்லை.
ஹக்கிமியைக் கூப்பிட்டு இடம் மாற்றிக்கொண்டேன்.
அவர் உடைந்த மலாயில் பேசத் தொடங்கியதும்
மண்டபத்தைவிட்டே வெளியேறினேன்.
கேட்கக் கூடாதென்று காதுக்கும் விதி உண்டு.
தே ஓ வாங்கிக் குடிக்காமல் ஆறவிட்டேன்.

அடுத்த வாரம் மிஸ்டர் லியோங் கதவைத் தட்டாமல் வந்தார்.
“பதினான்கு நாள் என்று டைப் அடித்தது யார்?
ஒப்பந்தத்தில் முப்பது நாள் இருக்கிறது.
எதிர்த்தரப்புப் பையன் கண்டுபிடித்துவிட்டான்.”
நான்தான் என்றேன்.
“மறுபடி அடி. இன்றிலிருந்து முப்பது.”

அடித்தேன்.
பழைய கடிதத்தைக் கண்மூடி நகலெடுத்த
என் கவனக்குறைவு
வேலாண்டிக்குச் சில வாரங்கள் கொடுத்தது.
அவருக்கு நான் செய்தது அவ்வளவுதான்.
அதுவும் தெரிந்து செய்ததில்லை.

சிரம்பான் ஹைகோர்ட்டில் லோங் கால்.
இரவல் அங்கி, கக்கத்தில் இறுக்கம்.
எனக்காக மனுச் சமர்ப்பித்த சீனியர்
கவனமானவர், நேர்மையானவர் என்று வாசித்தார்.
அம்மா கைதட்டக் கை தூக்கி
கோர்ட் என்று நினைவு வந்து இறக்கிக்கொண்டாள்.
நன்றி சொன்ன பட்டியலில்
வேலாண்டியின் பெயர் இல்லை. இருக்கவும் கூடாது.
வீடு என்ன ஆனதென்று
ஹக்கிமியிடம் நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை, வக்கீலாக முதல் கடிதம்.
மூலையில் ஒய்.வி. இப்போது பெரிய எழுத்து.
பக்கத்தில் புதிதாக வந்த பையனுடைய சின்ன எழுத்து.
கையெழுத்துப் போடுமுன்
ஒப்பந்தத்தை எடுத்துவரச் சொன்னேன்.
நாட்காட்டியை இறக்கி வைத்து
ஒவ்வொரு நாளாக
விரல் வைத்து எண்ணினேன்.