உப்புக்குப் பத்து நிமிடம்

முருங்கத்தொழுவுச் சாலையில் ஆடிக் காற்று
வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டே வந்தது.
கிளுவை வேலிக்கு அப்பால் கொறங்காட்டில் செம்மறிகள்
காற்றுக்கு முதுகு காட்டி நின்றன.
இந்த வீட்டுக்கு மூன்றாம் தடவை வருகிறேன்.

மைனாவதிக்குப் பதினெட்டாம் நாள்.
கொடி ஒன்பதாம் நாளே விழுந்துவிட்டது,
காய்ந்த மிளகாய்க் காம்பு மாதிரி, துணி மடிப்பில்.
விழுந்த இடத்தில் மட்டும்
குன்றிமணி அளவில் சிவப்பாக ஒன்று,
ஈரமாக.
துடைத்தால் துணியில் மஞ்சள் பொட்டு.

"புண்ணுங்களா சிஸ்டர்?"
தறியை நிறுத்திவிட்டு வந்த பொன்னுத்துரை,
புருவமெல்லாம் பஞ்சு.
"பக்கத்தூட்டுல வேப்பெண்ணெயும் மஞ்சளும்னாங்க.
எங்கக்கா சாம்பல்ங்கறா.
அழுவறப்ப புடைச்சு வேற வருதுங்க,
மாமன் காசு வச்சுக் கட்டச் சொன்னாரு."
சட்டைப் பையிலிருந்து எடுத்தும் காட்டினான்,
கழுவித் துடைத்த பத்து ரூபாய்க் காசு.

"கடைக்காரனே வாங்க மாட்டேங்கறான்,
தொப்புள் மட்டும் வாங்குமா?
உள்ள கதவு இன்னும் சாத்தல, அவ்வளவுதான்.
வளர வளரப் பெரும்பாலும் தானே சாத்திக்கும்.
கல்லாட்டம் இறுகி, அமுக்கினா உள்ள போகலைன்னா மட்டும்
ராத்திரின்னும் பாக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடு."

இருபத்திரண்டு வருடமாக நான் சுமந்து திரிவது
ஒரே ஒரு மருந்து:
ஒண்ணும் வைக்காதீங்க.
மாத்திரை என்றால் கையில் கொடுத்துவிடலாம்.
ஒன்றுமில்லாததை எப்படிக் கொடுப்பது?
பவுடர் டப்பா எட்டும் தூரத்தில் இருக்கிறது,
எண்ணெய்க் கிண்ணம் இருக்கிறது,
பெற்ற கை சும்மா இருப்பேனா என்கிறது.

இன்றைக்கு மட்டும் நானே ஒன்று வைக்கப் போகிறேன்.
"அடுப்படியில தூளுப்பு இருக்குதா கண்ணு?"
மைனாவதி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.
பச்சைப் பிள்ளைக்கு உப்பா.
"டாக்டரம்மா பாத்துட்டுத்தான் சொன்னாங்க.
சதை கொஞ்சம் கூட வளந்திருக்குது.
அதுல நரம்பு இல்ல, வலிக்காது."
சோப்புப் போட்டுக் கை கழுவி, ஒரு சிட்டிகை.
மேலே சுத்தமான வலைத்துணி.
பத்து நிமிடம்.

மற்ற வீட்டுத் தறிகள் அடித்துக்கொண்டிருந்தன.
பிள்ளை தூக்கத்தில் எதையோ சப்பியது.
சும்மா உட்காரப் பத்து நிமிடம் ரொம்ப நீளம்.
அதற்குள் வெள்ளோட்டுக் குழந்தை வந்துவிடும், எப்போதும்.

அன்றைக்கு இன்னும் நாலு வீடு பாக்கி,
சொட்டு மருந்துக் கணக்கு வேறு.
தொப்புளைச் சுற்றிச் சிவப்பு வளையம்,
டம்ளர் வாய் பதிந்த மாதிரி.
துணி அழுத்தியிருக்கும் என்று நினைத்தேன்.
நினைத்தேன், எழுதவில்லை, கிளம்பிவிட்டேன்.
மறுநாள் வயிறெல்லாம் சிவப்பு.
பால் குடிக்கவில்லை.
அழக்கூட இல்லை.
ஈரோட்டுப் பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள்.

பிழைத்தான். இப்போது ஒன்றாம் வகுப்பு.
என்னைக் கண்டால் ஊசிக்காரி என்று ஓடுகிறான்.
ஓடட்டும்.
அவன் சந்து திரும்புகிற வரை பார்த்துவிட்டுத்தான்
வண்டியைக் கிளப்புவேன்.

அதனால்தான் மைனாவதி,
விளிம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்,
சூடு இருக்கிறதா என்று,
குனிந்து மோந்தும் பார்க்கிறேன்.
உன் பிள்ளைக்கு ஒன்றுமில்லை.
இது எனக்கு.

ஆறவைத்த வெந்நீரில் உப்பைத் துடைத்தெடுத்தேன்.
சாயங்காலம் இன்னொரு தடவை, நாளைக்கும், நாளன்றைக்கும்.
மறக்காமல் இருக்கப் பொன்னுத்துரை
தறிச்சுவரில் கரிக்கோடு போட்டுக்கொண்டான்.

நாலாம் நாள் குன்றிமணி கடுகாகியிருந்தது.
அடுத்த வாரம் அந்தக் கடுகும் இல்லை.
பதிவேட்டில் தொப்புள் என்ற கட்டத்தில்
'உலர்ந்தது' என்று எழுதிக் கைகூட எடுக்கவில்லை,
சரியாக அதன் மேலேயே
ஒன்றுக்குப் போனான் பயல்.
நீல மை கரைந்து பக்கம் முழுக்க ஓடியது.
பொன்னுத்துரை ஓடிவந்து நீட்டியது
விற்பனைக்கு மடித்துவைத்த புதுத் துண்டு.

துடைத்துவிட்டு
மறுபடி எழுதினேன்.