கொஞ்சம்

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில்
டொக்டரம்மாவின் சிங்களத்தைத் தமிழாக்குவேன்,
தோட்டத்து ஆட்களின் தமிழைச் சிங்களமாக்குவேன்.
சம்பளப் பட்டியலில் நான் சிற்றூழியர்.

பத்து வருடமாக அதிகம் மொழிபெயர்த்த சொல்
கொஞ்சம்.

தவஸட்ட கீயக் பொனவத என்பார் அவர்.
ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீங்க என்பேன்.
கொஞ்சம்.
டிகக் என்பேன்.
எழுதிக்கொள்வார்.

அந்தச் சொல்லுக்குள்
கால் போத்தல் இருக்கும், அரைப் போத்தல் இருக்கும்,
கான் வெட்டிய நாளின் கசிப்பு இருக்கும்,
அரைப்பேர் போட்ட கோபத்தில் கடனுக்கு வாங்கியது இருக்கும்.
குளிருக்கு என்பார்கள்.
அட்டைக் கடிக்கு என்றார் ஒருவர்,
பங்குனி வெயிலிலும் விடாதவர்.

இன்று மருதைவீரன்.
ஹெதர்வில் தோட்டம், கவ்வாத்துக்காரர், ஐம்பத்தொன்று.
கதிரையில் முதலில் வயிறு உட்கார்ந்தது,
பிறகுதான் அவர்.
கண் இரண்டும் மஞ்சள்.
ஞானாம்பா ஸ்கேன் உறையை
மழை படாமல் சேலைக்குள் வைத்துக்
கொண்டுவந்திருந்தாள்.

அக்மாவ என்றார் டொக்டரம்மா.
ஈரல் என்றேன்.
பிளிகாவ என்றார்.
சிங்களத்தில் அது
ஏதோ குருவியின் பெயர் மாதிரி இருக்கும்.
தமிழில் என் வாய்க்கு வரும்போது
மண் அப்பிக்கொண்டு வருகிறது.
கட்டி என்று பாதியில் நிறுத்தினேன்.

"புத்தா?" என்றார் அவரே.

"தேயிலையில பார்த்திருக்கேன் புள்ள.
மேல கொழுந்து விட்டுக்கிட்டே இருக்கும்,
கணக்கப்புள்ள நிறுத்துக்கிட்டே இருப்பாரு.
கத்தி வச்சாத்தான் தெரியும்,
உள்ள கறையான் மண்ணாக்கி வச்சிருக்கும்."

இதையும் சொன்னேன் சிங்களத்தில்.
எழுத அவரிடம் கட்டம் இல்லை.

ஞானாம்பாவுக்குத்தான் கணக்கு ஒத்துவரவில்லை.
"கசிப்புதானே நஞ்சுன்னாங்க?
மூணு வருசமா இவரு
முத்திர ஒட்டுன போத்தல்தான் எடுக்குறாரு."

ஈரலுக்கு முத்திரை தெரியாதாம்.
உள்ளே இருப்பது ஒன்றேதானாம்.
வருடத்துக்கு வருடம் தழும்பு,
தழும்பின் மேல் இது முளைத்திருக்கிறது.
எல்லாருக்கும் முளைக்காது,
குடிக்கிறவருக்கு வாய்ப்புக் கூட.
வாய்ப்பு என்று நானே சொன்னேன்.
எங்கள் லயத்தில் அந்தச் சொல்
கொழும்புக் கடை வேலைக்குத்தான் வரும்.

"இனிமே கொஞ்சமும் கூடாதா?"

டொக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார்,
என்ன கேட்கிறார் என்று.
மொழிபெயர்க்கவில்லை.
கூடாது என்றேன், நானாக.

ஹட்டன் பஸ் தவறணையடியில் நின்றது.
கம்பிவலைக்கு வெளியே வரிசை, மழையில்.
நாலாவதாக என் தம்பி சுகிர்தன்,
லொறியிலிருந்து நேரே வந்திருப்பான்,
தோளில் இன்னும் உரச்சாக்கின் வெள்ளை.
கண்டுகொண்டான்.
கட்டைவிரலையும் சுட்டுவிரலையும்
சேர்த்தும் சேர்க்காமலும் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

பஸ் எடுக்கும்வரை
அந்த இரண்டு விரலுக்கு நடுவில்
எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.