எதிர்பார்த்த விடை

மனிதர் படிப்பதற்கான பேச்சல்ல இது.
தார்த்து நகரில், ரீயா சாலையில், மூன்றாம் மாடியில்,
பிப்ரவரி இரவு ஒன்பதரைக்கு
கெர்த்து அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறாள்.

வரியின் முதல் குறி போதும், வந்திருப்பது யாரென்று தெரிந்துவிடும்.
கூரைக் குறி என்றால் கேட்டதற்குப் பதில்.
நட்சத்திரம் என்றால் ஓடிய நிரல் எங்கோ நின்றுவிட்டது.
சமக்குறி, கேட்காமலே சேதி சொல்லும் அடுத்த வீட்டுக்காரி.
அலைக்கோடு வெறும் முணுமுணுப்பு.
அப்புறம் அடைப்புக்குள் அடைப்பு, மேற்கோளுக்குள் மேற்கோள்,
உள்ளே இருக்கும் ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சாய்கோடு:
இங்கே முடியவில்லை, இங்கேயும் முடியவில்லை.

டீபக்கர் கொட்டும் இதையெல்லாம்
அவளுடைய பார்சர் மென்று விழுங்கும்.
இருநூற்றுப் பதினொரு சோதனைகள்.
எல்லாம் பச்சை.

இருந்தும் தெற்கே, ஒரு பால் பண்ணையிலிருந்து கடிதம்:
"நிரல் நிற்கிறது. எந்த வரியில் என்று அம்பு காட்டவில்லை.
கோப்பே இல்லையாம்.
கோப்பு என் கண்ணெதிரே இருக்கிறது.
நாற்பத்தாறு மாடுகளின் பால் சூடாகிக்கொண்டும் இருக்கிறது."

எழுதியவர் ஐகர் மெத்துஸ்.
'மெ' என்று நான் எழுதியது பொய்.
அங்கே இருப்பது தலையில் அலை சுமந்த ஒரு வட்டம்.
நம் குற்றியலுகரத்தை
இன்னும் கொஞ்சம் வாய் திறந்து சொன்னால்
கிட்டத்தட்ட வரும்.
காட்டுக்கோழி என்று பொருளாம்.
தன் குடும்பப் பெயரையே அடைவுக்கும் வைத்திருக்கிறார் மனிதர்.

அந்த எழுத்தை வாயில் போட்டுக்கொள்ள டீபக்கருக்குக் கூச்சம்.
எண்ணாக்கி அனுப்புகிறது:
சாய்கோடு மூன்று பூஜ்யம் மூன்று.
சாய்கோடு இரண்டு ஆறு ஐந்து.
பார்சர் முதல் எண்ணுக்கு ஓர் எழுத்து கொடுத்தது,
அடுத்ததற்கு இன்னொன்று.
கோழி நடுவில் பிளந்தது.
அப்படியொரு அடைவு எந்த வட்டிலும் இல்லை.

மெய்யை ஒரு தட்டில், உயிரை ஒரு தட்டில் வைத்து
இதுதான் உயிர்மெய் என்று நீட்டினால்
ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சிரிக்கும்.
கெர்த்துவுக்கு அந்த உவமை தெரியாது, விஷயம் தெரியும்.
எண்களைச் சேர்த்து வை,
வரிசை முடியட்டும்,
அதற்குப் பிறகு எழுத்தாக்கு.

முதலில் சோதனை எழுதினாள். சிவப்பு.
பதினொரு வரி திருத்தினாள். பச்சை.
எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள்.

ஐம்பத்தேழாவது சிவப்பு.

பழைய சோதனை. மூன்று வருடமாகத் தவறாதது.
திறந்தாள்.
உள்ளீட்டில் அதே இரண்டு எண்கள்.
எதிர்பார்த்த விடை என்ற இடத்தில்
பிளந்த எழுத்துகள் இரண்டும், மேற்கோளுக்குள், பத்திரமாக.
பார்சர் என்ன துப்பியதோ அதை அள்ளி
சரியென்று ஒட்டியிருக்கிறார்கள் யாரோ.
யாரென்று வரலாற்றைக் கேட்டாள்.
ஒரு வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து ஐம்பது.
குறிப்பு: "சோதனை சேர்த்தேன்."
பெயர்: கெர்த்து.

ஒவ்வொரு இரவும் பச்சை விளக்கு ஏந்தி
அந்தச் சோதனை பிழைக்குக் காவல் நின்றிருக்கிறது.

அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள்.
சில தெருக்கள் தள்ளி எமயெகி ஆறு உறைந்து கிடக்கிறது.
அதன் பெயரிலும் அதே எழுத்து.
தினம் அதைக் கடந்துதான் வேலைக்கு வருகிறாள்.

திரும்பி வந்து விடையை மாற்றினாள்.
குறிப்பில் எழுதினாள்:
"எதிர்பார்ப்புதான் தவறு. என்னுடையது."

விடிவதற்குள் ஐகரின் பதில்:
"அம்பு வந்தது. எண்பத்தெட்டாம் வரி.
குறைவு என்று இருக்கவேண்டிய இடத்தில் அதிகம் என்று போட்டிருக்கிறேன்.
பால் இப்போது நான்கு டிகிரி.
இன்னொன்று, ஒரே பிரேக்பாயின்ட் இரண்டு இடத்தில் விழுந்தால்
பட்டியல் உடைகிறது. உங்களுக்கும் உடைகிறதா?"

உடையும். கையேடு ஒன்று சொல்கிறது,
டீபக்கர் இன்னொன்று செய்கிறது.
கெர்த்து ஒரு காகிதம் எடுத்து
விடை எப்படி இருக்கவேண்டும் என்று
பென்சிலால் எழுதுகிறாள்.
பார்சரை இன்னும் ஓட்டவில்லை.