ஏழு பேர் வேண்டும்

கோத்தென்பர்க். தேவாலய நிலவறை.
எஸ்தோனியப் பழைய மாணவர் சங்கத்தின்
ஐம்பத்திரண்டாம் ஆண்டுக் கூட்டம்.

போரில் படகேறி வந்த பதிவேட்டில்
உப்புநீர் தின்றது போக
விதி நான்கு மட்டும் பளிச்சென்று இருக்கிறது:
ஏழு பேர் இல்லாமல் எதுவும் செல்லாது.

நாடு திரும்பி வந்தது.
நாங்கள்தான் போகவில்லை.

சால்மே கணக்கு வாசித்தாள்:
உதவித்தொகை இரண்டு, மலர்வளையம் ஐந்து.
எந்தெல் காதுக்கருவியைத் திருகினான்.
எண்ணினோம்.
ஆறு.
மறுபடி எண்ணினோம்.

அறையைப் பூட்ட வந்த ஹோதான்,
மொகதிஷுவில் பாதியில் விட்ட மண்ணியலை
இங்கே இரவில் படிப்பவள்,
சாவியோடு நின்றாள்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று
விதி நான்கு சொல்லவில்லை.
லெய்தா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

வருகைப் பட்டியலில் பெயரைத்
தப்பாக எழுதினேன்.
பேனாவை வாங்கி
அவளே திருத்தினாள்.