தாய்ப்பத்திரம் காணோம்

பெல்சியா காசெலிலிருந்து அழைக்கிறாள்,
முதியோர் மனையில் வேலை முடிந்து
டிராம் வண்டியில் உட்கார்ந்தபடி.
"சித்தப்பா, ஒரு பெயர் போதும்.
ஊர்ப்பெயரும் கெடச்சா கோயில் ஏட்டுல பாத்திரலாம்.
இங்க எல்லாவனுக்கும் ஏடு இருக்கு."

நான் தக்கலை சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
முப்பத்தோரு வருஷமாக ஆதாரம் எழுதுகிறவன்.
பிறத்தியார் நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பேன்,
மிஞ்சிப்போனால் அறுபது வருஷத்துக்கு.
இது இருநூற்றி எண்பது.

கையில் இருப்பது
பட்டாவில் உள்ள விளைப்பெயர்: செருமன்விளை.
தெரசம்மாள் அத்தையின் கிணற்றுப்பாசிக் கண்.
அப்புறம், சுத்தியலை எங்கள் வீட்டில் மட்டும்
அம்மர் என்பது.
"ஜெர்மன்லயும் அம்மர்தான்!" என்று கத்தினாள்.
டிராமில் நாலு பேர் திரும்பியிருப்பார்கள்.
இங்கிலீஷிலும் அதுதான் மக்ளே என்று
நான் சொல்லவில்லை.

கதை என்று பார்த்தால் அரை வரி.
குளச்சலில் ஒலாந்துக் கம்பெனி தோற்றது.
பிடிபட்டவர்களில்
கம்பெனிக்குக் கூலிக்கு வந்த செருமானியர் சிலர்.
அதில் ஒருத்தன் உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்த்தான்,
புலியூர்க்குறிச்சிக்கு அந்தப்பக்கம் ஒருத்தியைக் கட்டினான்.
அவன் பெயர் தெரியாது.
அவள் பெயரை எவரும் கேட்டதே இல்லை,
இந்த வரி எழுதும்வரை நானும்.

போன சனிக்கிழமை கோட்டைக்குப் போனேன்.
டிக்கெட் எடுத்து, மான் கூண்டு தாண்டி,
கம்பிக்குள் முறுக்கு நீட்டும் பிள்ளைகளைத் தாண்டி,
கூரையில்லாத கோயிலில்
கல்லறைகள்.
ஒரு கல்லில் எச் போல ஏதோ, அதன்பின் வெறும் மழை.
போட்டோ அனுப்பினேன்.
"எச்-ஆ சித்தப்பா, என்-ஆ?"
பாசி என்றேன்.

பங்குச் சாமியார் பீரோவைத் திறந்து காட்டினார்.
பழைய ஞானஸ்நான ஏட்டில்
கறையான் தின்றது போக அட்டை இருந்தது.

கடைசியில் பழைய நிலவரிக் கணக்கின் நகல் ஒன்று.
மலையாண்மை எழுத்து.
சுங்கான்கடைத் தாணுமூர்த்தி
ஒரு சாயாவுக்கு அரைப்பக்கம் படிப்பார்.
கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.
"இது சின்ன ர இல்லை வே, பெரிய ற.
செறுமன்.
ஜெர்மன்காரன் எங்கேருந்து வந்தான் இதில?"

எனக்குத் தெரியும் அந்தச் சொல்.
பழைய ஓலை நகல்களில் பார்த்திருக்கிறேன்,
பிலா ரெண்டு, தென்னை பதினாலு, செறுமன் ஒண்ணு,
எல்லாம் சேர்த்து இத்தனை பணம் என்று.
மரத்துக்கும் பெயர் கிடையாது,
ஆளுக்கும் கிடையாது.

"எழுதினவன் கை பிசகியும் இருக்கலாம்"
என்று சாயாவை உறிஞ்சினார்.
பிசகியிருக்கட்டும் என்று
அவர் சொல்லி முடிக்கும் முன்னே
என் மனசு சொல்லிவிட்டது.
அது எவ்வளவு வேகமாய்ச் சொன்னது என்பது
பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து
தக்கலைவரை வந்தது.

இவனைத் தேடி யார் ராத்திரியில் போன் பண்ணுவார்கள்?
இவனுக்காக நான் ஒரு சனிக்கிழமை
கடையடைத்திருப்பேனா?
அத்தையின் கண்ணை
இவன் கொடுத்திருக்கக் கூடாதா?
கிணறும் பாசியும்
இவன் வெட்டிய விளையில்தானே இருக்கின்றன.

முத்திரையில்லாத வெள்ளைத்தாளில் எழுதிப் பார்த்தேன்:
எழுதிக்கொடுப்பவர், பீரங்கி வார்த்த ஒருத்தன்
அல்லது விலைக்குப் போன ஒருத்தன்,
கூட, பெயர் கேட்கப்படாத ஒருத்தி.
பெறுபவர், பெல்சியா, காசெல்.
தாய்ப்பத்திரம் காணோம்.
நான்கெல்லை
என்று தலைப்பிட்டு, வடக்கு என்பதோடு நிறுத்திவிட்டேன்.

போன் அடித்தது.
"கெடச்சுதா சித்தப்பா?
இங்க ஒரு கிழவர் தினமும் கேக்காரு,
நீ எந்த ஊருன்னு."

செருமன்விளைன்னு சொல்லு மக்ளே.
எந்த ர என்று
அங்கே யாரும் கேக்கமாட்டாவ.

அவள் சிரிக்கவில்லை.
"இங்க கேக்காட்டி என்ன,
எந்த ர சித்தப்பா?" என்றாள்.
அவளுக்குப் பின்னால்
டிராம் நிற்கிற சத்தம் கேட்டது.