கிழமைக்கு மூன்று நாள் சூடை

கலியாண அல்பங்களில்
முந்நூறு மணப்பெண்களின் கண்ணீரை
மௌசால் துடைத்துவிட்டவன் நான்.
திரைக்கு முன்னால் இமைக்க மறந்து
இப்ப என் கண்ணுக்குள்
பண்ணைக் கடற்கரை மணல்.
சோளகம் வேறு.

துளிமருந்துக்குக் கீழே
டொக்டர் எழுதினார்:
சூடை மீன், கிழமைக்கு மூன்று நாள்.
துண்டை வாசித்த பார்மசிப் பெடியன்
"இது பாசையூரிலதான் எடுக்கலாம்" என்றான்.

நாலு முறைதான் சமைத்தோம்.
நல்லூரில் கொடி ஏறிவிட்டது.
மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
ஆளிவிதை அரைத்துத் தயிரில் கலந்தாள் கௌரிதா,
முருங்கையிலை வறை, பொன்னாங்காணி,
மணிக்கொருக்கால் தண்ணி.
ஆளிவிதை
மாட்டுக்கு வைக்கிற பிண்ணாக்கு மாதிரி.
சொல்லவில்லை.

தேரன்று புழுதிக்குள்
கண் வடிய வடிய நின்றேன்.
பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர்
"என்ன பக்தி!" என்று கையைப் பிடித்தா.
காய்ந்த கண்தான் கூட வடியும் என்று
அந்த அரோகராவுக்குள்
எப்படிச் சொல்ல?

வைரவர் மடை முடிந்த விடியல்,
பாசையூரில் முதல் ஆள் நான்.
கூறுக்கு மேல் நாலு சூடை எறிந்து
ஜெசிந்தா அக்கா உற்றுப் பார்த்தா:
"கண்ணெல்லாம் சிவப்பு.
மீனுக்கோ தம்பி அழுதனீர்?"